சாமியிடம் நிற்கும் வேலைகள்

மயில்சாமியின் ஆபீஸ் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. அதில் நான்கு கட்டங்கள். செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது என்கிற மூன்றும் எந்த ஊர் ஆபீசிலும் இருக்கக்கூடியவை. நான்காவது கட்டம் இந்த ஆபீசில் மட்டும்தான் உண்டு. அதன் தலைப்பில் மேனேஜர் சுசித்ரா பச்சை மையில் எழுதியிருந்தாள்: சாமி.

கொடைக்கானலில் ஏரிக்கு மேல்பக்கம் ஒன்பது காட்டேஜ்களை வைத்து நடத்துகிறவர் மயில்சாமி. சொந்த ஊர் பழனி. அடிவாரத்தில் அப்பா வைத்திருந்த லாட்ஜை விற்றுவிட்டு மலையேறியவர். கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர்கள் என்று யாரும் கிடையாது. அதுதான் இதில் வயிறெரிகிற விஷயம்.

சுசித்ரா வேலைக்கு வந்தபோது அங்கே எல்லாம் வாய்ச்சொல்லில் நடந்துகொண்டிருந்தது. குழாய் ஒழுகுகிறது என்று ரூம் பையன், ரிப்பேர் வேலை பார்க்கிற பாலுவிடம் சொல்லியிருப்பான். பாலு தனக்கு யாரும் சொல்லவில்லை என்பான். கெஸ்ட் ஈரக் காலோடு வந்து ஆபீசில் கத்துவார். சுசித்ராதான் கடைக்குப் போய்ப் பலகை வாங்கி வந்தாள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு. என்ன வேலை, யார் செய்வது, எந்தத் தேதிக்குள். சீட்டு இடமிருந்து வலமாக நகர வேண்டும், நகராத சீட்டுக்குச் சொந்தக்காரர் காலையில் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதலில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். பிறகு பாலுவே, "யக்கா, ஏஞ் சீட்ட நவட்டிட்டேன், பாத்துக்கங்க" என்று பெருமையாக வந்து நிற்க ஆரம்பித்தான்.

நகராத சீட்டுகள் எல்லாம் கடைசியில் ஒரே ஆளிடம் போய் நின்றன. செலவு என்று வந்தால் மயில்சாமி சம்மதிக்க வேண்டும். மயில்சாமி சம்மதிக்க முருகன் சம்மதிக்க வேண்டும்.

"இரும்மா, அவசரப்படாத. சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்" என்பார்.

பூக்கட்டிப் பார்ப்பது அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் புதிதில்லை. பெண் எடுக்கலாமா, நிலம் வாங்கலாமா என்று மனம் இரண்டாக நிற்கும்போது கேட்பார்கள். ஆனால் வெந்நீர் கீசர் மாற்றலாமா என்று யாரும் சாமியைத் தொந்தரவு செய்ததில்லை. மயில்சாமி செய்வார். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்தான் கேட்பார் என்பதால், புதன்கிழமை கெட்டுப்போன கீசர் அடுத்த செவ்வாய் வரை சாமி கட்டத்தில் காத்துக் கிடக்கும். கெஸ்ட் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, ஊருக்குப் போய் இணையத்தில் வண்டி வண்டியாகத் திட்டி எழுதுவார்.

கேட்கும் முறை இதுதான். வாழையிலைத் துண்டு இரண்டு. ஒன்றில் வெள்ளைச் சாமந்தி, மற்றதில் சிவப்பு ரோஜா இதழ். இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நூல் சுற்றி, பித்தளைத் தட்டில் போட்டுக் குலுக்கி, முருகன் படத்துக்கு முன்னால் வைப்பார்கள். கட்டுகிறவர் எடுக்கக் கூடாது. அதனால் கட்டுவது சுசித்ரா, எடுப்பது மயில்சாமி. கண்ணை மூடி, "முருகா, நீ சொல்லு" என்று ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்ட மாதிரி. அதை அப்படியே கொண்டுபோய் வாசல் பேரிக்காய் மரத்தடியில் போட்டுவிட வேண்டும்.

ஒரு வருஷம் சீசனுக்கு முன்னால் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சுசித்ரா சீட்டு எழுதினாள். சிவப்பு வந்தது. "இப்ப வேணாங்கறான்மா" என்றார் மயில்சாமி. மே மாதம், எல்லாக் காட்டேஜும் நிறைந்திருந்த ஒரு மத்தியானம், சென்னையிலிருந்து வந்த குடும்பம் புல்வெளியில் குழந்தைக்குப் பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது டேங்க் பொங்கிவிட்டது. அந்தக் குடும்பத்தலைவர் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு மயில்சாமி சுசித்ராவிடம் திரும்பினார்.

"ஏம்மா, மேனேஜர்னு இருந்து என்ன? இதையெல்லாம் முன்னாடியே பாத்து வைக்க வேண்டாமா?"

அவர் நடிக்கவில்லை. உண்மையிலேயே மறந்திருந்தார். சுசித்ரா ஸ்டோர் ரூமுக்குள் போய்ப் போர்வைக் கட்டுகளுக்கு நடுவில் நின்று ஆத்திரத்தில் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது ஒரு முடிவோடு வந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு இலைத் துண்டிலும் வெள்ளைச் சாமந்தியை வைத்து மடித்தாள்.

பயம் இல்லாமல் இல்லை. வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு மலையிலிருந்து பழனிக்கு நடந்து போகிறவள் அவள். நூல் சுற்றும்போதே படத்தைப் பார்த்து மனசுக்குள் பேசினாள். கோவிச்சுக்காதப்பா, உனக்கு இருக்குற சோலியில இந்த டேங்க் ஒன்னு எதுக்கு, இத நான் பாத்துக்கறேன். முருகன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மறுநாளே ஆட்கள் வந்து டேங்கைச் சரிசெய்துவிட்டுப் போனார்கள். சீட்டு முடிந்தது கட்டத்துக்கு நகர்ந்தது.

அதற்குப் பிறகு சாமி கட்டத்தில் எந்தச் சீட்டும் தேங்கவில்லை. கீசருக்கு இரண்டு வெள்ளை. கூரைத் தகடு மாற்ற இரண்டு வெள்ளை. கொடைக்கானல் குளிரில் திறந்தவெளி நீச்சல் குளம் கட்ட வேண்டும் என்று மயில்சாமிக்கு ஆசை வந்தபோது இரண்டு சிவப்பு. மற்ற காட்டேஜ்காரர்கள் கடனில் தத்தளித்த வருஷங்களில் கூட இவர்கள் கரையில் நின்றார்கள். "எல்லாம் அவன் குடுத்த புத்தி" என்று மயில்சாமி நெஞ்சில் கைவைத்துச் சொல்வார். சுசித்ரா ஆமாங்கய்யா என்பாள்.

கவுஞ்சி என்கிற மலைக் கிராமத்து வேலையும் இப்படித்தான் தொடங்கியது. மேல்மலையில் கேரட் பாத்திகள் படிப்படியாக இறங்குகிற ஒரு சரிவை அவள்தான் பார்த்து வந்தாள். அங்கே நான்கு வீடுகளும் நடுவில் ஒரு சமையல்கட்டும் கட்டினால், வருகிறவர்கள் தோட்டத்தில் பறித்ததையே சாப்பிடலாம். கொடைக்கானல் கூட்டம் வேண்டாம் என்கிறவர்கள் வருவார்கள். நிலத்துக்காரர் பொன்னுவேல் லேசில் பிடி கொடுக்கவில்லை. அவர் வீட்டுக் கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் போய் நின்று குத்தகைக்குச் சம்மதிக்க வைத்தாள். வேலை முழுவதையும் சீட்டு சீட்டாகப் பிரித்து, எது முடிந்தால் எது தொடங்கலாம் என்று ஒரு சுவர் நிறைய ஒட்டினாள். அதை வந்து பார்த்த மயில்சாமி ஒவ்வொரு சீட்டாக விரல் வைத்துப் படித்தார்.

"இந்தா பாரும்மா. கவுஞ்சி முடிஞ்சா அது உன் பொறுப்பு. வெறும் சம்பளத்துக்கு இல்ல, கால் பங்கு உனக்கு. முருகன் மேல ஆணையாச் சொல்றேன்."

அந்தச் சமயத்தில் ஒரு பெரிய ரிசார்ட்டிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. நல்ல வேலை. வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் கணவன் வேல்முருகன், மேல்மலையிலிருந்து காய்கறி ஏற்றுகிற பிக்கப் ஓட்டுகிறவன், ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"எழுதி வாங்குனியா?"

"முருகன் மேல ஆணையிட்டிருக்காரு."

"அப்பச் சரிதான்" என்று அவனும் சொல்லிவிட்டான். சாமி பேரைச் சொன்ன பிறகு பத்திரம் கேட்பது அவர்களுக்குத் தெரியாது.

அதே வருஷம் மயில்சாமியின் மகன் குகனுக்குக் கல்யாணம் ஆனது. குகன் பைக்கில் சுற்றுவதையும் அதை வீடியோ எடுப்பதையும் தவிர வேறொன்றும் செய்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் வந்த மருமகள் நதியா வேறு மாதிரி. மதுரையில் படித்த பெண். கல்யாண மஞ்சள் காய்வதற்குள் ஆபீசுக்கு வந்து, "அக்கா, எனக்கு வீட்டுல உக்காந்திருக்க முடியல, வேலை சொல்லிக் குடுங்க" என்று நின்றாள். சுசித்ராவுக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. பலகையில் இருந்ததையெல்லாம் நதியா போனுக்குள் ஏற்றினாள். சீட்டு நகர்ந்தால் எல்லார் போனிலும் மணி அடித்தது. சாமி கட்டத்தைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தாள், ஆனால் அதையும் விடாமல் ஏற்றினாள்.

கவுஞ்சியில் அஸ்திவாரம் தோண்டத் தொடங்கியதும் சுசித்ரா அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று. கொடைக்கானல் வேலைகளை ஒவ்வொன்றாக நதியாவிடம் ஒப்படைத்தாள். லாண்டரி, புக்கிங், சிலிண்டர், சம்பளம். நதியா கற்பூரம் மாதிரி பற்றிக்கொண்டாள். கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. பூக்கட்டுவது.

சுசித்ரா யோசித்தாள். சொல்லாமல் விட்டால் நதியா ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு என்று முறைப்படி கட்டுவாள். கவுஞ்சியின் தண்ணீர்த் தொட்டி, தடுப்புச் சுவர், மின்கம்பம் எல்லாம் செவ்வாய்க்கிழமைதோறும் சாமி கட்டத்தில் தொங்கும். பாதிக்குப் பாதி சிவப்பு வரும். மழை வருவதற்குள் சுவர் எழும்பாவிட்டால் சரிவு முழுக்க இறங்கிவிடும். வேலை நிற்கக் கூடாது. அந்த ஒரு நினைப்பில்தான் அவள் ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"நதியா, இது உனக்கும் எனக்கும் மட்டும். கட்டாயம் நடக்க வேண்டிய வேலைன்னா ரெண்டுலயும் வெள்ளைய வச்சிரு."

நதியா முதலில் கண்ணை அகல விரித்தாள். பிறகு சுசித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா, நீங்க பயங்கரமான ஆளுக்கா! மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியக் கூடாது."

"எங்கம்மா மேல சத்தியம்" என்றாள் நதியா.

தண்ணீர்த் தொட்டிக்கு வெள்ளை வந்தது. தடுப்புச் சுவருக்கு வெள்ளை வந்தது. மின்கம்பத்துக்கும் வந்தது. ஒவ்வொரு செவ்வாயும் கவுஞ்சிக் காற்றில் கழுத்துவரை மப்ளரைச் சுற்றிக்கொண்டு நிற்கிற சுசித்ராவின் போனில் மணி அடிக்கும். சாமி கட்டத்திலிருந்து சீட்டு நகர்ந்திருக்கும். நதியா ஒரு கண்ணடிக்கிற பொம்மையும் சேர்த்து அனுப்புவாள். தனக்கு ஒரு தங்கச்சி கிடைத்துவிட்டாள் என்றே சுசித்ரா நினைத்தாள். மழைக்கு முன்னால் சுவர் எழுந்து நின்றது. சொன்ன மாதத்தில் வீடுகள் முடிந்தன.

முடிந்த பிறகுதான் குகன் கவுஞ்சிக்கு முதல்முறையாக வந்தான். பைக்கை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றி, பள்ளத்தாக்கில் மேகம் இறங்குவதைப் பார்த்தான். சமையல்கட்டைச் சுற்றி நடந்தான். வீடியோ எடுத்தான். அன்றைக்குச் சாயங்காலமே அப்பாவிடம் போய், குடும்பச் சொத்தை வெளியாள் கையில் எப்படிக் கொடுக்கலாம், நானும் நதியாவும் நடத்துகிறோம் என்று உட்கார்ந்துவிட்டான். கொடைக்கானல் காட்டேஜ்களைச் சுசித்ராவே தொடர்ந்து பார்த்துக்கொள்ளட்டுமாம். பழைய சம்பளத்துக்கு.

மயில்சாமி சுசித்ராவை வரச்சொன்னார். அவருக்கு முகமே சரியில்லை.

"நான் சொன்ன சொல்லு சொல்லுதாம்மா. அதுல மாத்தமில்ல. ஆனா இவன் ஒத்தப் புள்ள, கெடந்து புடிவாதம் புடிக்கறான். எனக்கு ரெண்டு பக்கமும் இழுக்குது. அந்த முருகன்கிட்டயே கேட்டுருவோம். நாளைக்குச் செவ்வாக்கிழம, வெள்ளனே வந்துரு."

ஆணையிட்டுக் கொடுத்ததைத் திரும்பவும் எதற்குக் கேட்க வேண்டும் என்று அவள் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. சாமியிடம் கேட்க வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு எந்த வாய் இருக்கிறது? இத்தனை வருஷம் சாமி சொன்னதாக எல்லாவற்றையும் நடத்தியவள் அவள்தானே. அது போக, கட்டப்போவது நதியா. நதியாவுக்கு எல்லாம் தெரியும். அவள் பார்த்துக்கொள்வாள். கேட்கக்கூட வேண்டியதில்லை என்று நினைத்தாள், கேட்கவில்லை. அவள் செய்த ஒரே தவறு அதுதான். எந்த வேலையையும் பேர் எழுதி, சீட்டு ஒட்டாமல் விடாத பெண், தன் வேலையை மட்டும் அப்படி விட்டாள்.

காலையில் எல்லாரும் படத்துக்கு முன்னால் நின்றார்கள். குகன் குளித்து விபூதி பூசி வந்திருந்தான். நதியா தட்டோடு வந்தாள். சுசித்ரா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நதியா நிமிர்ந்து, லேசாகச் சிரித்தாள். அவ்வளவுதான், சுசித்ராவின் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது.

"கவுஞ்சியச் சுசித்ரா கையில குடுக்கலாமா, நீ சொல்லு முருகா" என்று மயில்சாமி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். நூலைப் பிரித்தார்.

உள்ளே ரோஜா இதழ்கள், நன்றாகச் சிவந்தவை.

மயில்சாமியின் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. "நான் என்னம்மா செய்ய? அவன் மேல ஆணை வச்சேன். அவனே வேணாங்கறான். இனி அந்த ஆணை என்னக் கட்டுப்படுத்தாது, பாத்துக்க." சொல்லி முடித்தபோது அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

இரண்டும் சிவப்பு. சுசித்ராவுக்கு அதில் சந்தேகமே இல்லை. தான் சொல்லிக்கொடுத்த வித்தையை இவள் தனக்கே திருப்பிவிட்டாள். தட்டில் கிடந்த இன்னொரு பொட்டலத்தை இப்போதே எடுத்து எல்லார் முன்னாலும் பிரித்துக் காட்டிவிடக் கை பரபரத்தது. உனக்கு எப்படித் தெரியும் என்று மயில்சாமி கேட்பார். செப்டிக் டேங்கிலிருந்து நீச்சல் குளம் வரை எல்லாம் வெளியே வரும். வாயைத் திறந்தால் முதலில் மாட்டுவது அவள்தான்.

"குடும்மா, நான் கொண்டுபோய்ப் போட்டுட்டு வர்றேன்" என்று தட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். யாரும் தடுக்கவில்லை.

பேரிக்காய் மரத்தடியில் ஆபீசுக்கு முதுகைக் காட்டி நின்று நூலை அறுத்தாள். இலை விரிந்தது.

வெள்ளைச் சாமந்தி.

அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். இலையை உதறிப் பார்த்தாள். ஒரு சிவப்பு இதழ்கூட இல்லை. திட்டுவதற்கென்று தொண்டைவரை திரட்டி வைத்திருந்ததையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பின்னால் செருப்புச் சத்தம். நதியா வந்து நின்றாள். அவள் பார்வை பிரிந்து கிடந்த இலைக்குப் போனது. முகம் வாடியது.

"ரெண்டும் சிவப்பா வச்சிருப்பேன்னு நெனச்சீங்களாக்கா? அவருகூடச் சொன்னாருக்கா, ரெண்டுலயும் சிவப்பையே வையின்னு. நான் மாட்டேன்னு சொல்லிட்டேன். உங்க விஷயத்துல ஏமாத்த எனக்கு மனசே வரல. நேர்மையாத்தான் கட்டுனேன்."

அப்படியானால் குகனுக்கும் சொல்லியிருக்கிறாள். அம்மா மேல் சத்தியம் அவ்வளவுதான். அதைக்கூட சுசித்ரா விட்டுவிட்டாள்.

"ரெண்டும் வெள்ளையா வச்சிருக்கலாம்ல, நதியா?"

நதியாவுக்குப் புரியவில்லை. உண்மையிலேயே புரியவில்லை. "அதெப்படிக்கா? சாமி விஷயம்ல?"

"தண்ணித் தொட்டிக்கு வச்சியே. செவுத்துக்கு வச்சியே."

"அதெல்லாம் வேலைக்கா. நிக்கக் கூடாதுல்ல. நீங்கதானே சொன்னீங்க, கட்டாயம் நடக்க வேண்டியதுக்கு வைன்னு." கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆறுதலாகச் சுசித்ராவின் தோளைத் தொட்டாள். "மனசுல வச்சுக்காதீங்கக்கா. நியாயமாத்தானே நடந்துச்சு."

நியாயம். அந்தச் சொல்லுக்காக அவளை ஓங்கி ஓர் அறை அறைய வேண்டும் போலிருந்தது. ஏமாற்றியிருந்தால் இவளை வாழ்நாள் முழுக்க வெறுக்கலாம், அதில் ஒரு திருப்தியாவது இருக்கும். அதற்கும் வழியில்லாமல், தனக்கு லாபம் வருகிற ஒரு நாளில் மட்டும் ஒழுங்காக இருந்துவிட்டுப் பெருமையோடு நிற்கிறாள். இவளைக் குற்றம் சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லை.

"அக்கா, மாமா டிபன் சாப்பிடக் கூப்பிடறாரு. வெரசா வாங்க" என்று நதியா உள்ளே போனாள்.

சுசித்ராவின் போனில் மணி அடித்தது. செய்ய வேண்டியது கட்டத்தில் புதிதாக ஒரு சீட்டு. கவுஞ்சி சாவிகள், பொன்னுவேல் தொடர்பு, எல்லாவற்றையும் ஒப்படைப்பது. பொறுப்பு: சுசித்ரா. நதியா சுறுசுறுப்பானவள். மரத்தடிக்கு வருவதற்கு முன்னாலேயே எழுதி வைத்திருக்க வேண்டும்.

செப்டிக் டேங்குக்கு இரண்டு வெள்ளை வைத்திருந்தாள். கீசருக்கு, கூரைக்கு, யாருடைய படுக்கைக்கோ வாங்கிய போர்வைக்குக்கூட இரண்டு வெள்ளை வைத்திருந்தாள். அவளுக்கென்று வந்தபோது ஒன்றுதான் இருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

அவள் குனிந்து அந்தச் சாமந்தியை எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு வழக்கப்படி மரத்தடியில் போட்டுவிட்டு, சாவிக்கொத்தை எடுக்க உள்ளே போனாள்.